'லோமி' என்னும் சொல் சொல்வது என்ன? கடலோர நிலங்களுக்கு மண் நயம் அறியும் முறை

கோவளம், திருப்போரூர், மாமல்லபுரம் பகுதி உழவர்கள் மண் பரிசோதனை செய்து பெறும் அறிக்கைகளில் பேரூட்டங்களும் நுண்ணூட்டங்களும் எண்களாகக் குறிக்கப்பட்டிருக்கும். எண்கள் யாருக்கும் புரியும். ஆனால் சில அறிக்கைகளில் 'மண் நயம்' என்ற கட்டத்தில் எண் இராது. 'லோமி சாண்ட்' என்றோ 'சாண்டி லோம்' என்றோ ஆங்கிலச் சொற்கள் இரண்டு மட்டும் இருக்கும். இரண்டும் ஒன்றுதானே, சொற்கள்தானே இடம் மாறியிருக்கின்றன என்று பலர் கருதிவிடுகின்றனர். அவ்வாறு கருதுவதால் தண்ணீர், யூரியா, மின்சாரம் ஆகிய மூன்றும் வீணாகின்றன. ஆகையால் இச்சொற்களின் பொருளையும், அவை வழங்கும் முறையையும், அதைக்கொண்டு வயலில் செய்ய வேண்டியவற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

மண் நயம் என்பது யாது?

மண்ணில் மூன்று வகைத் துகள்கள் உள்ளன. அமெரிக்க வேளாண்மைத் துறை வகுத்த அளவின்படி 2 மில்லி மீட்டர் முதல் 0.05 மில்லி மீட்டர் வரை பருமன் உள்ளவை மணல். 0.05 முதல் 0.002 மில்லி மீட்டர் வரை உள்ளவை வண்டல். 0.002 மில்லி மீட்டருக்கும் குறைவானவை களி. 2 மில்லி மீட்டருக்கு மேற்பட்ட கற்களும் சரளையும் இக்கணக்கில் சேரா. இம்மூன்றும் ஒரு மண்ணில் எந்த விகிதத்தில் கலந்துள்ளன என்பதே மண் நயம்.

மண் நயத்தை மண்ணின் கட்டமைப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகளாகவோ பொலபொலவென்றோ அமைந்திருக்கும் விதம் கட்டமைப்பு எனப்படும். உழவாலும் தொழு உரத்தாலும் கட்டமைப்பை ஓராண்டிலேயே மாற்றிவிடலாம். நயம் அவ்வளவு எளிதில் மாறாது. பாட்டன் காலத்தில் மணற்சாரியாக இருந்த நிலம் பேரன் காலத்திலும் மணற்சாரியாகவே இருக்கும்.

'லைட்' மண், 'ஹெவி' மண் என்னும் ஆங்கில வழக்குகளும் உண்டு. இவை எடையைக் குறிப்பவை அல்ல. உலர்ந்த மணல் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1,600 கிலோ எடை இருக்கும். இளகிய களிமண் ஏறக்குறைய 1,300 கிலோதான் இருக்கும். எடையில் மணலே கனமானது. ஆயினும் மணற்பாங்கான நிலத்தில் ஏர் எளிதாக ஓடுவதால் அதை 'லைட்' என்றும், களி நிலத்தில் மாடுகள் திணறுவதால் அதை 'ஹெவி' என்றும் வழங்கலாயினர்.

'லோம்' என்ற சொல்

'லோம்' என்பது மிகப் பழைய ஆங்கிலச் சொல். தொடக்கத்தில் இதற்குக் களிமண், சேறு என்பதே பொருள். ஜெர்மன் மொழியில் இதன் உறவுச் சொல்லான 'லேம்' இன்றும் சுவர் எழுப்பும் களிமண்ணையே குறிக்கிறது. மண்ணியல் அறிஞர்கள் பிற்காலத்தில் இச்சொல்லுக்கு வேறொரு பொருளை வரையறுத்தனர். மணல், வண்டல், களி ஆகிய மூன்றில் எதுவும் தனித்து ஆதிக்கம் செலுத்தாத மண்ணே இன்று 'லோம்' எனப்படுகிறது. நம் வேளாண் ஏடுகளில் இதையே இருமண்பாடு என்று எழுதுகிறோம்.

ஆதிக்கம் இல்லை என்றால் மூன்றும் சம பங்கு என்று கொள்ளக் கூடாது. 'லோம்' வகையில் களி 7 முதல் 27 சதம் வரையே இருக்கும். களித் துகள் மிக நுண்ணியதாதலின் ஒரு பிடிக் களியின் மொத்த மேற்பரப்பு ஒரு பிடி மணலின் மேற்பரப்பைவிடப் பல நூறு மடங்கு பெரியது. நீரையும் உரச்சத்தையும் பிடித்து வைப்பது இம்மேற்பரப்பே. எனவே சிறிதளவு களியே மண்ணின் குணத்தைப் பெரிதும் மாற்றிவிடும். குழம்பில் புளி எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்பது போலத்தான் இதுவும். அளவில் குறைந்தது குணத்தில் மிகுந்து நிற்கும்.

முன் நிற்கும் சொல்லும் பின் நிற்கும் சொல்லும்

'லோம்' என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வந்த பெயரடை 'லோமி'. 'சாண்ட்' என்பதிலிருந்து 'சாண்டி' வந்தது போன்றதே இது. தமிழில் 'மணல்' என்பது பெயர். 'மணற்பாங்கான' என்பது அடை. இரு சொற்கள் சேர்ந்து வரும்போது பின்னால் நிற்பதே மண்ணின் வகை. முன்னால் நிற்பது அதன் சாயல்.

நம் மொழியிலும் இந்த முறையே உள்ளது. 'வீட்டுத் தோட்டம்' என்றால் அது தோட்டம். 'தோட்ட வீடு' என்றால் அது வீடு. சொற்கள் அவையே, பொருள் வேறு. அவ்வாறே,

'சாண்ட்' என்றால் மணல். 85 சதத்துக்கு மேல் மணலே இருக்கும்.

'லோமி சாண்ட்' என்றால் இருமண் சாயல் கொண்ட மணல். இது மணல் இனத்தைச் சேர்ந்தது. பெரும்பாலும் 70 முதல் 90 சதம் வரை மணல் இருக்கும்.

'சாண்டி லோம்' என்றால் மணற்பாங்கான இருமண்பாடு. இது இருமண் இனத்தைச் சேர்ந்தது. களி 20 சதம் வரை இருக்கலாம்.

'சாண்டி கிளே லோம்' என்றால் களியும் மணலும் மிகுந்த இருமண்பாடு. களி 20 முதல் 35 சதம் வரை இருக்கும்.

'கிளே' என்றால் களி. 40 சதமும் அதற்கு மேலும் களி இருக்கும்.

இத்தகைய நயப் பெயர்கள் மொத்தம் 12 உள்ளன. அவற்றுள் 'லோமி' என்ற அடை ஒரே ஒரு பெயரில்தான் வருகிறது. அது 'லோமி சாண்ட்'. அதாவது, ஆய்வக அறிக்கையில் 'லோமி' என்று கண்டால் அந்த நிலம் மணல் இனத்தது என்றே கொள்ள வேண்டும்.

ஒரே சொல், மூன்று வழக்குகள்

இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. இதே 'லோமி' என்ற அடை வேறு இடங்களில் வேறு பொருளில் வழங்குகிறது. விதைப் பொட்டலங்களிலும் நாற்றங்கால் துண்டு வெளியீடுகளிலும் 'வடிகால் உள்ள லோமி மண் ஏற்றது' என்ற வகையில் எழுதப்படுகிறது. அங்கே அச்சொல் மணற்பாங்கான இருமண்பாடு முதல் களிப்பாங்கான இருமண்பாடு வரையுள்ள நடுத்தர மண்கள் அனைத்தையும் பொதுவாகக் குறிக்கிறது. மாடித் தோட்டத்துக்கென விற்கப்படும் மண் பைகளிலோ, கறுப்பாகவும் மக்கு நிறைந்ததாகவும் உள்ள எந்த மண்ணையும் 'லோமி' என்று புகழ்ந்து எழுதுகின்றனர். மக்குக்கும் மண் நயத்துக்கும் தொடர்பில்லை. நயம் என்பது கனிமத் துகள்களின் கணக்கு மட்டுமே.

ஆகவே, தர்பூசணி விதைப் பொட்டலத்தில் 'லோமி' என்று கண்ட உழவர் தம் மண் அறிக்கையில் 'லோமி சாண்ட்' என்பதைப் பார்த்து, 'இரண்டிலும் ஒரே சொல். நம் நிலம் பொருத்தமானதே' என்று முடிவு செய்வாராயின் அது தவறாகும். பொட்டலத்தில் உள்ளது நடுத்தர மண். அறிக்கையில் உள்ளது மணல். அந்நிலத்திலும் தர்பூசணி விளையும். ஆனால் அதற்கு நீரும் உரமும் கொடுக்கும் முறை வேறு.

கோவளம் பகுதியின் மண் அமைப்பு

கோவளத்திலிருந்து மேற்கு நோக்கி நடந்தால் சில கிலோ மீட்டருக்குள்ளேயே மண் நயம் பலமுறை மாறுவதைக் காணலாம். கரையை ஒட்டிக் கடல் மணல். அடுத்து சவுக்கும் தென்னையும் பனையும் நிற்கும் மணல் மேடுகள். அதைத் தாண்டினால் முட்டுக்காட்டுக் கழியும் பக்கிங்காம் கால்வாயும். அவற்றின் ஓரங்களில் உவர் ஏறிய சேற்று நிலம். கேளம்பாக்கம் பக்கம் உப்பளங்கள். அதற்கும் மேற்கே திருப்போரூர் பக்கம் ஏரிப் பாசன நன்செய்களும், மேட்டுப் பாங்கான புன்செய்களும். ஏரி ஆயக்கட்டின் பள்ளக்கால் வயல்களில் களி மிகுந்தும், மேட்டுக்கால்களில் மணல் மிகுந்தும் இருப்பது வழக்கம். எனவே அடுத்த ஊர்க்காரரின் பாசன முறையை மட்டுமல்ல, அடுத்த வரப்புக்காரரின் முறையைக்கூடப் பார்த்துப் பின்பற்ற இயலாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2015 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தில் 12 பண்புகள் ஆராயப்படுகின்றன. கார அமில நிலை, உப்பு நிலை, அங்ககக் கரிமம், பேரூட்டங்கள், கந்தகம், நுண்ணூட்டங்கள் ஆகியவை அவை. மண் நயம் அந்தப் பன்னிரண்டில் இல்லை. ஆகவே அட்டை கையில் இருந்தாலும் நயத்தை உழவர் தாமே அறிந்து வைத்திருத்தல் நல்லது.

கையால் நயம் அறிதல்

இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. வயலில் அரை அடி ஆழம் வரை நான்கைந்து இடங்களில் மண் எடுத்துக் கலந்து, கல், வேர், கிளிஞ்சல் துண்டு ஆகியவற்றை நீக்கவும். ஒரு கைப்பிடி மண்ணை உள்ளங்கையில் வைத்துச் சொட்டுச் சொட்டாக நீர் விட்டுப் பிசையவும். சப்பாத்தி மாவின் பதம் வந்ததும் கீழ்க்கண்டவாறு சோதிக்கலாம்.

1. உருண்டை பிடிக்கவே வரவில்லை. உதிர்ந்துவிடுகிறது என்றால் அது மணல்.

2. உருண்டை பிடிக்க வருகிறது. ஆனால் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து நசுக்கித் தள்ளினால் நாடா போல் நீளவில்லை. இது 'லோமி சாண்ட்'.

3. நாடா வருகிறது, ஆனால் 2.5 சென்டி மீட்டருக்குள் முறிந்துவிடுகிறது. இது இருமண்பாடு. அதில் சிறிது எடுத்து நிறைய நீர் விட்டுத் தேய்க்கும்போது நறநறவென்று இருந்தால் 'சாண்டி லோம்'. மாவு போல் வழவழப்பாக இருந்தால் வண்டல் மிகுந்த இருமண்பாடு. இரண்டும் மிகையாக இல்லையென்றால் வெறும் 'லோம்'.

4. நாடா 2.5 முதல் 5 சென்டி மீட்டர் வரை நீள்கிறது என்றால் களிப்பாங்கான இருமண்பாடு. நறநறப்பும் சேர்ந்திருந்தால் 'சாண்டி கிளே லோம்'.

5. 5 சென்டி மீட்டருக்கு மேலும் முறியாமல் நீள்கிறது என்றால் களி.

விரல் சோதனையில் ஐயம் ஏற்பட்டால் கண்ணாடிப் பாட்டில் சோதனை செய்யலாம். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும், மீதிக்கு நீரும், ஒரு சிட்டிகை சலவைத் தூளும் இட்டு நன்கு குலுக்கி ஆடாமல் வைக்கவும். முதல் நிமிடத்தில் மணல் படியும். ஏறக்குறைய 2 மணி நேரத்தில் வண்டல் படியும். களி படிய ஒன்றிரண்டு நாட்கள் ஆகும். அடுக்குகளை அளவுகோலால் அளந்தால் தோராயமான விகிதம் கிடைக்கும்.

பாசனத்தில் ஏற்படும் வேறுபாடு

ஒரு மீட்டர் ஆழத்தில் பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய நீரை 'லோமி சாண்ட்' ஏறக்குறைய 80 மில்லி மீட்டர் அளவுக்குப் பிடித்து வைக்கும். 'சாண்டி லோம்' ஏறக்குறைய 120 மில்லி மீட்டர் பிடித்து வைக்கும். வேர் 30 சென்டி மீட்டர் ஆழம் ஓடும் நிலக்கடலை, காய்கறிப் பயிர்களுக்குக் கணக்கிட்டால் முன்னதில் 24, பின்னதில் 36 மில்லி மீட்டர் ஆகிறது. இதில் பாதி குறைந்தவுடன் மறுபாசனம் செய்வது முறை. அந்தப் பாதி முன்னதில் 12, பின்னதில் 18 மில்லி மீட்டர்.

கோடையில் பயிர் நாளொன்றுக்கு 6 மில்லி மீட்டர் நீரைச் செலவிடுவதாகக் கொள்வோம். 'சாண்டி லோம்' நிலத்தில் 3 நாட்களுக்கு ஒரு பாசனம் போதும். 'லோமி சாண்ட்' நிலத்தில் 2 நாட்களுக்கு ஒரு முறை தேவை. இதை அறியாமல் நான்காம் நாள் பாய்ச்சினால் பயிர் வாடும்.

வாட்டத்தைக் கண்டு ஒரேயடியாக நிறையப் பாய்ச்சுவதும் தவறே. ஓர் ஏக்கரில் 1 மில்லி மீட்டர் நீர் என்பது ஏறக்குறைய 4,000 லிட்டர். 'லோமி சாண்ட்' நிலத்துக்கு ஒரு தடவைக்குத் தேவை 12 மில்லி மீட்டர், அதாவது 48,000 லிட்டர். 50 மில்லி மீட்டர் பாய்ச்சினால் 2 லட்சம் லிட்டர் ஆகிறது. மீதி 1,52,000 லிட்டரும் வேருக்குக் கீழே இறங்கிவிடும். மோட்டார் நான்கு மடங்கு நேரம் ஓடியதுதான் மிச்சம். இங்குச் சொன்ன எண்கள் தோராயமானவை. பயிரின் வயதையும் வெயிலையும் பார்த்துக் கூட்டியும் குறைத்தும் கொள்ள வேண்டும்.

சொட்டுநீர் அமைப்போரும் இதைக் கவனிக்க வேண்டும். மணலில் சொட்டிய நீர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும். எனவே மணல் இன நிலத்தில் சொட்டுவான்களை 30 முதல் 40 சென்டி மீட்டர் இடைவெளியில் நெருக்கமாக அமைத்து, ஒரே நேரத்தில் நெடுநேரம் விடாமல் காலை, மாலை எனப் பிரித்து விட வேண்டும். இருமண்பாட்டில் இடைவெளியைச் சற்று அகலமாக்கலாம்.

உரத்தில் ஏற்படும் வேறுபாடு

யூரியா மண்ணில் சில நாட்களில் நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட்டை எந்த மண்ணும் இறுகப் பிடித்து வைப்பதில்லை. நீர் போகும் வழியே அதுவும் போகும். மணலில் சாம்பல் சத்தும் ஓரளவு கரைந்து இறங்கும். எனவே 'லோமி சாண்ட்' நிலத்தில் இருமுறையாக இடும் தழைச்சத்தை, மொத்த அளவை உயர்த்தாமல், மூன்று அல்லது நான்கு முறையாகப் பிரித்து இட வேண்டும். சாம்பல் சத்தையும் பிரித்து இடுவது நன்று. உரமிட்ட மறுநாள் வெள்ளம் போல் பாய்ச்சுவதை அறவே தவிர்க்க வேண்டும்.

கீழே இறங்கிய நைட்ரேட் மறைந்துவிடுவதில்லை. அது கிணற்று நீரில் சேர்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லி கிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். பச்சிளங் குழந்தைகளுக்கு இது மிகுதியாகத் தீங்கு செய்யும். மணல் நிலத்தில் வயல் கிணறும் வீட்டுக் கிணறும் ஒரே ஊற்றிலிருந்து நீர் பெறுவதால் வயலில் வீணான உரம் வீட்டுக் குடத்துக்கு வந்து சேர வாய்ப்புண்டு.

நிலக்கடலைக்கு எக்டருக்கு 400 கிலோ ஜிப்சத்தை மண் அணைக்கும் தருணத்தில் இட வேண்டும் என்பது பரிந்துரை. சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் இது தேவையில்லை. கிளிஞ்சல் கலந்த கடலோர மண்ணில் சுண்ணாம்பு நிலையை அறிந்த பின்னரே ஜிப்சம் வாங்கவும்.

கிணறு உவர்க்காமல் காத்தல்

கடலோர மணல் மேட்டில் நன்னீர் தனித்து நிற்பதில்லை. அதனினும் கனமான கடல் நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால் நிலைமையின் கடுமை விளங்கும். இறைத்து இறைத்து நன்னீர் மட்டத்தை நிலையாக 1 மீட்டர் தாழ்த்திவிட்டால், கீழிருந்து உவர்நீர் காலப்போக்கில் ஏறக்குறைய 40 மீட்டர் மேலே ஏற இடம் உண்டாகும். கோவளத்தில் கிழக்கே கடல், மேற்கே உவர்நீர்க் கழி; நடுவே குறுகிய மணல் திட்டு. இங்கே ஒரு கிணறு உவர்த்துவிட்டால் அதை மீட்கப் பல மழைக்காலங்கள் ஆகலாம். தேவைக்கு மேல் இறைக்காமலிருப்பது மின் கட்டணப் பிரச்சினை மட்டுமல்ல. கிணற்றின் ஆயுள் பிரச்சினை.

மணலுக்கு உள்ள ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். உவர்நீர் புகுந்த நிலத்தில் மேல் மண்ணிலுள்ள உப்பை நல்ல மழை கழுவிக் கீழே இறக்கிவிடும். இந்தக் காரியம் மணலில் விரைவாகவும் களியில் மெதுவாகவும் நடக்கும். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையில் கடல் நீர் புகுந்த நிலங்களிலும் மணற்பாங்கானவை முதலில் தேறின.

மணலை மேம்படுத்த முடியுமா?

ஒரு எக்டரில் 15 சென்டி மீட்டர் ஆழத்து மணல் ஏறக்குறைய 2,400 டன் எடை கொண்டது. 40 சதம் களி உள்ள ஏரி வண்டலை 100 டன் கொட்டினாலும் களி கூடுவது 1.6 சதம் அளவுக்கே. ஒரே ஆண்டில் 'லோமி சாண்ட்' என்பது 'சாண்டி லோம்' ஆகிவிடாது. ஆயினும் களியில் ஒவ்வொரு சதமும் மதிப்புடையது. கோடைதோறும் உரிய அனுமதி பெற்று ஏரி வண்டல் அடித்து, அதனுடன் தொழு உரமோ மக்கிய தென்னை நார்க் கழிவோ இட்டு வந்தால் நீர்ப்பிடிப்பு படிப்படியாக உயரும். கழியை ஒட்டிய குட்டைகளின் வண்டலாயின் உப்பு நிலையைப் பரிசோதித்த பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும். இல்லையேல் விலை கொடுத்து உவர் வாங்கியதாக முடியும்.

நீர் விரைந்து இறங்கும் மணல் நிலங்களில், மழைக்கு அல்லது பாசனத்துக்கு மறுநாள் ஈரம் பதமாக உள்ளபோது ஏறக்குறைய 400 கிலோ எடையுள்ள உருளையை 8 முதல் 10 முறை உருட்டி அடிமண்ணை இறுகச் செய்யும் முறையும் உண்டு. தார் பீப்பாயில் மணலோ கல்லோ நிரப்பி இந்த உருளையைச் செய்துகொள்ளலாம். களிப்பாங்கான நிலத்தில் இதைச் செய்யக் கூடாது.

மேற்கண்டவற்றால், அறிக்கையில் உள்ள இரு சொற்களில் எது பின்னால் நிற்கிறது என்பதைப் பார்ப்பதே முதல் வேலை என்பது விளங்கும். பின்னால் 'சாண்ட்' என்றால் சிறுகச் சிறுக, அடிக்கடி கொடுக்க வேண்டிய நிலம். பின்னால் 'லோம்' என்றால் சற்று நிதானமாகக் கொடுக்கலாம். உழவர் பெருமக்கள் அடுத்த பாசனத்துக்கு மோட்டாரைப் போடுமுன் ஒரு கைப்பிடி மண்ணை நனைத்து உருட்டிப் பார்த்து, தங்கள் நிலத்தின் நயத்தை அறிந்து பயன்பெறுவார்களாக.